எடைச் சீட்டு: நீரிழிவு மருந்துகளின் வரலாற்றில் பெண்கள்

தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் அந்த வழியாகப் படிக்கப் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழலும், உள்ளே ஏதோ கடகடக்கும், தடித்த அட்டைச் சீட்டு ஒன்று வந்து விழும். சீட்டில் எடையும் இருக்கும், ஆருடமும் இருக்கும். ஆருடத்தைத் தோழிகள் நாங்கள் உரக்கப் படித்துச் சிரிப்போம். எடையைப் பெருவிரலால் மறைத்துக்கொள்வோம். அப்போது எங்களில் பெரும்பாலோர் ஐம்பது கிலோகூட இல்லை. ஆனாலும் மறைத்தோம்.

அங்கிருந்து நகரத்தை நோக்கி அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். பொருளை யோசிக்காமலே சொல்லிப் பழகிவிட்ட பெயர். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது அது. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்தில்லாத அந்த நாட்களில் சிகிச்சை என்றால் நல்ல காற்று, ஓய்வு, வயிறார உணவு. நோயாளி தேறுகிறாரா என்று அறிய அக்கால சானடோரியங்கள் எல்லாமே எடைக்கருவியைத்தான் பார்த்தன. எடை கூடினால் வீடு திரும்பும் நம்பிக்கையும் கூடும். நம் பாட்டிமார் வாயில் ‘பூசினாற்போல இருக்கிறாள்’ என்பது பாராட்டு. இளைத்த உடம்பைப் பார்த்தால் பயந்தார்கள். இன்று அதே நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடைகளில் எடையைக் குறைக்கும் ஊசியின் விலையைப் பெண்கள் விசாரிக்கிறார்கள். இடையில் நூறாண்டுகூட ஆகவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. “மாசம் பதினஞ்சாயிரமாம் மேடம். பொண்ணு கல்யாணத்துக்குள்ள ஒரு பத்து கிலோ போனாப் போதும்” என்றார் என்னைவிட மூத்த பேராசிரியர் ஒருவர். அவருக்கு சர்க்கரை நோய் வந்து எட்டு வருடம் ஆகிறது. சர்க்கரையைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அன்று மாலை ரயிலில் வரும்போதுதான் இந்த ஊசியின் வரலாற்றைத் தேட வேண்டும் என்று தோன்றியது. தேடத் தேட ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. நீரிழிவு மருத்துவத்தின் கணக்கேட்டில் பெண்ணுக்கென்று சில பத்திகளே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மற்றப் பத்திகளில் அவள் இருந்தும் எழுதப்படவில்லை.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் நீரிழிவுக்கென்று தனி மருத்துவம் வளர்ந்த நகரங்களில் சென்னை முக்கியமானது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தன் மருத்துவமனையைக் கட்டினார். நீரிழிவு சிகிச்சையில் பாதி, உணவு. சித்த மருத்துவம் ‘பத்தியம்’ என்று சொல்வதை அலோபதி ‘டயட்’ என்றது. இரண்டுமே வீட்டு அடுப்படியில்தான் நடந்தேற வேண்டும். கணவனுக்கு சர்க்கரை என்றால் மனைவி தனிச் சமையல் செய்வாள். மனைவிக்கு சர்க்கரை என்றால், வீட்டாருக்குச் சமைத்தது போக மிஞ்சியதை அவளே சாப்பிடுவாள், வீணாகக் கூடாதல்லவா. இதற்கு ஆய்வுத் தரவு எதுவும் தேவையில்லை, நம் அம்மாக்களைப் பார்த்திருந்தால் போதும்.

பெண் என்ற பெயரிலேயே ஒரு பத்தி திறந்தது கர்ப்பத்தின் வழியாக. 1978இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா, கர்ப்பகால நீரிழிவைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். நகரம், புறநகர், கிராமம் என்று மூன்று இடங்களிலும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து அவர் குழு 2008இல் வெளியிட்ட கணக்கு: நகரத்தில் 17.8 விழுக்காடு, புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9. அவர் பரிந்துரைத்த சோதனை முறையை நான் மதிக்கிறேன். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுப்பது. 140 மில்லிகிராமைத் தொட்டால் நோய். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. விடியலில் பேருந்து பிடித்து வரும் கர்ப்பிணியிடம் ‘சாப்பிட்டுவிட்டாயா, நாளை வா’ என்றால் அவள் திரும்ப வரமாட்டாள் என்பதை அறிந்து அமைத்த சோதனை அது. ஒரு பெண்ணின் நேரத்தையும் பசியையும் கணக்கில் கொண்ட மருத்துவ முறைகள் அதிகம் இல்லை. 2007 முதல் தமிழ்நாட்டு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது.

நானும் அந்த இனிப்புத் தண்ணீரைக் குடித்தவள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, தென்சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில். சர்க்கரை இருப்பது தெரிந்ததும் எத்தனை கவனிப்பு! வாரந்தோறும் அளந்தார்கள், சோற்றைக் கரண்டிக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை பிறந்த மறுநாளிலிருந்து யாரும் என் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏழு மடங்கு என்பதையும், பிரசவமான ஆறு வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும் பல ஆண்டு கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளையை வெளியே எடுத்ததும் என் பத்தியை மூடிவிட்டார்கள்.

கர்ப்பம் அல்லாத பத்திகளில் என்ன நடந்தது? சென்னையில் நடந்த ஆய்வுகளில் உலகப் புகழ் பெற்றது டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் கற்றுக்கொடுத்தாலோ மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தாலோ நோய் தள்ளிப்போகுமா என்று பார்த்தார்கள். போனது. ஏதும் செய்யாத குழுவில் மூன்றாண்டுக்குள் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் 39.3. மிக நல்ல ஆய்வு, ஏழை நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டியது. அதில் சேர்ந்தவர்கள் 531 பேர். ஆண்கள் 421, பெண்கள் 110. ஆட்களைத் தேடிய இடம் அலுவலகங்கள். சம்பளப் பதிவேட்டில் இருப்பவர்களைத்தானே அங்கே காண முடியும்? 2013இல் அதே குழு கைபேசிக் குறுஞ்செய்தி வழியாக நீரிழிவைத் தடுக்கலாம் என்று காட்டியது. அதில் 537 பேர், அத்தனை பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள். ‘இன்று அரை மணி நேரம் நடந்தீர்களா?’ என்று கேட்கும் செய்தி பம்மலிலோ முடிச்சூரிலோ இருக்கும் ஓர் இல்லத்தரசியின் கைபேசிக்கு வந்திருந்தால் அவள் எந்த அரை மணி நேரத்தில் நடந்திருப்பாள் என்பதை இந்த ஆய்வு சொல்லாது.

இனி ஊசிக்கு வருகிறேன். அதன் வேர் சென்னையில் விஸ்வநாதன் தன் மருத்துவமனையைக் கட்டிய அதே ஐம்பதுகளில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளர் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, இரத்தத்தில் இம்மியளவு இருக்கும் இன்சுலினை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார். யாலோ இயற்பியல் படித்த காலத்தில் பெண்ணுக்கு ஆய்வு மாணவர் இடம் கிடைப்பது அரிது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்குச் சுருக்கெழுத்துச் செயலராகச் சேர்ந்தால் வகுப்புகளில் உட்காரலாம் என்ற நிலையில் அதற்கும் ஒப்புக்கொண்டவர் அவர். போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனதால் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் காலியாயிற்று. இன்சுலின் ஆய்வுக் கட்டுரையை ஓர் இதழ் 1955இல் திருப்பி அனுப்பியது. 1977இல் நோபல் பரிசு பெற்றபோது அந்த நிராகரிப்புக் கடிதத்தைத் தன் உரையிலேயே யாலோ காட்டினார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

அளக்க முடிந்த பிறகு புதிய கேள்விகள் பிறந்தன. வயது வந்தபின் நீரிழிவு வந்த பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, சிலருக்கு அதிகமாகவே இருந்தது. சர்க்கரையை இரத்தக் குழாயில் ஏற்றுவதைவிட வாயால் கொடுத்தால் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது என்பது 1964இல் உறுதியானது. அப்படியானால் குடல், கணையத்துக்கு ஏதோ செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி எது?

ஸ்வெட்லானா மொய்சோவ் யுகோஸ்லாவியாவின் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில், புரதத் துண்டுகளை அமினோ அமிலம் அமினோ அமிலமாகக் கோத்துச் செய்யும் வேதியியலை புரூஸ் மெரிஃபீல்டிடம் கற்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் பொறுப்பில் இருந்தது, மற்ற ஆய்வகங்கள் கேட்கும் புரதத் துண்டுகளைச் செய்து கொடுக்கும் பிரிவு. அதே மருத்துவமனையில் ஜோயல் ஹேபனரின் ஆய்வகம் குளுக்ககான் மரபணுவைப் படித்து, அதற்குள் இன்னொரு புரதமும் ஒளிந்திருப்பதைக் கண்டிருந்தது. ஜிஎல்பி-1 என்று பெயர். 37 கண்ணிகள் கொண்ட சங்கிலி. முழுச் சங்கிலி வேலை செய்யாது, முதல் ஆறு கண்ணிகளை வெட்டிவிட்ட துண்டுதான் உண்மையான ஹார்மோனாக இருக்கும் என்று மொய்சோவ் கணித்தார். அதைச் செய்தார். அதை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளையும் உருவாக்கி, எலியின் குடலில் அது இருப்பதைக் காட்டினார். 1987இல் ஹேபனர், கார்டன் வீர் இருவருடன் சேர்ந்து, அந்தத் துண்டு மிகச் சிறிய அளவிலேயே எலியின் கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைக்கிறது என்று நிறுவினார். அதே காலத்தில் டென்மார்க்கில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்டின் குழுவும் தனியே அதே முடிவுக்கு வந்தது.

பின்னர் காப்புரிமைகள் வந்தன. அவற்றில் கண்டுபிடிப்பாளர் என்று இருந்தது ஹேபனரின் பெயர் மட்டும். தொண்ணூறுகளில் இது தெரியவந்தபோது மொய்சோவ் வழக்கறிஞரை வைத்துப் பல ஆண்டுகள் போராடினார். கடைசியில் நான்கு காப்புரிமைகளில் அவர் பெயர் சேர்ந்தது. ஆனால் அறிவியல் உலகின் நினைவில் சேரவில்லை. 2020இல் வாரன் ஆல்பர்ட் பரிசும் 2021இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதும் இந்த ஹார்மோனுக்காகக் கொடுக்கப்பட்டபோது இரண்டையும் பெற்றவர்கள் ஹேபனர், ஹோல்ஸ்ட், டேனியல் டிரக்கர் ஆகிய மூன்று ஆண்கள். 2023இல் ‘சயன்ஸ்’ போன்ற இதழ்கள் அவர் கதையை எழுதிய பின்புதான் நிலைமை மாறியது. 2024இல் லாஸ்கர் விருது ஹேபனருடன் அவருக்கும் கிடைத்தது. கண்டுபிடித்தபோது நாற்பது வயது ஆகவில்லை. விருதின்போது எழுபத்தேழை நெருங்கியிருந்தார்.

ஏன் மறந்தார்கள்? பெண் என்பதால் என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் இருந்த இடத்தையும் பார்க்க வேண்டும். பொருளைச் செய்து கொடுக்கும் பிரிவு அது. செய்து கொடுக்கிறவரை ‘உதவியவர்’ என்ற பத்தியில் போடுவதும், அதை வைத்து ஆய்வு நடத்துபவரைச் ‘சிந்தித்தவர்’ என்ற பத்தியில் போடுவதும் எல்லா நிறுவனங்களின் வழக்கம். விருந்தைப் பாராட்டும்போது அழைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவதைப்போலத்தான்.

உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதியாக அழிந்துவிடும். மருந்தாக்க அது போதாது. யாலோவின் ஆய்வகத்தில் பயின்ற ஜான் எங் என்ற மருத்துவர், கீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் இதையொத்த, நீண்ட நேரம் நிலைக்கும் பொருளை 1992இல் கண்டெடுத்தார். அதிலிருந்து 2005இல் முதல் ஊசி வந்தது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியரே க்னூட்சன் என்ற பெண் வேறு வழியில் போனார். அங்கே அவர் முதலில் செய்த வேலை சலவைத்தூளுக்கான நொதிகள்! ஹார்மோனோடு ஒரு கொழுப்பமிலத்தைப் பிணைத்தால் அது இரத்தத்தின் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு அழியாமல் நிற்கும். தினம் ஒருமுறை போடும் லிராகுளுடைட் அப்படி வந்தது. வாரம் ஒருமுறை போதும் என்ற செமாகுளுடைட் அதன் அடுத்த கட்டம். அமெரிக்காவில் 2017இல் நீரிழிவுக்கும், 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதி பெற்றது. 2024 லாஸ்கர் விருதின் மூன்றாவது பங்கு க்னூட்சனுக்கு. வேறொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்ஸெபடைட் என்ற மருந்தை 2022இல் எலி லில்லி நிறுவனம் கொண்டுவந்தது.

இந்த மருந்துகள் செய்வது என்ன? இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டுகின்றன, இரைப்பை மெதுவாகக் காலியாகச் செய்கின்றன, மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்கின்றன. போதும் என்ற அந்தச் சொல்லில் என் மனம் நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் நின்றபடியே சாப்பிடுகிறவளுக்கு, பசியும் நிறைவும் எந்த நேரத்தில் வரும் என்று எந்த ஆய்வகம் அளந்தது?

மனித உடல்களில் சோதனை நடந்தபோது பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தேன். எடைக்குறைப்புக்கான பெரிய ஆய்வு, செமாகுளுடைடின் ஸ்டெப் 1. 1961 பேர், அதில் 74 விழுக்காடு பெண்கள். 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. அதே மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா என்று 17,604 பேரிடம் பார்த்த செலக்ட் ஆய்வு 2023இல் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து குறைந்தது. அதில் பெண்கள் 28 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏற்கெனவே இதயநோய் வந்தவர்களைச் சேர்த்த ஆய்வு, அதனால் ஆண்கள் அதிகம் என்பார்கள். விளக்கம் சரிதான். ஆனால் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எங்கள் ஆசிரியர் அறைப் பேச்சுதான் கேட்கிறது. பெண்ணுக்கு எடை, ஆணுக்கு இதயம்.

எடை என்ற அளவுகோலே நம்மை வைத்துச் செய்யப்பட்டதில்லை. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் பிஎம்ஐ என்ற குறியீட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டிப் பரப்பிய ஆன்செல் கீஸின் 1972 ஆய்வு ஆண்களை மட்டுமே அளந்தது. புனேயின் டாக்டர் சி.எஸ். யாக்னிக் ‘ஒல்லியான கொழுத்த இந்தியர்’ என்று சொன்னது இதனால்தான். 2004இல் அவரும் ஆங்கிலேய மருத்துவர் யட்கினும் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. நமக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். கருவிலேயே போதிய ஊட்டமின்மையால் இது தொடங்குகிறது என்ற அவரது புனே கிராம ஆய்வுகள் முக்கியமானவை. அவற்றைப் படிக்கும் பலர் உடனே தாயின் மீது விரலை நீட்டிவிடுகிறார்கள். அவளுக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்பதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். அதே ஆய்வில் இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 விழுக்காடு. ஒரே உடம்பில் இரண்டும் இருக்கலாம். ஊசியால் குறையும் எடையில் ஒரு பகுதி தசை என்பதால், ஏற்கெனவே தசை குறைந்த நம் பெண்களுக்கு இது வெறும் கிலோக் கணக்கு இல்லை. நிறுத்தினால் ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பதும் ஸ்டெப் 1 ஆய்வின் தொடர்ச்சியில் தெரியவந்தது. கல்யாணத்துக்காகப் போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

வேறு சிலவற்றையும் மாணவியருக்காகச் சொல்லிவைக்கிறேன். டிர்ஸெபடைட் ஊசி தொடங்கும்போதும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும், நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது; கருத்தரிக்க நினைப்பவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மருந்தின் குறிப்புத் தாளில் இவை இருக்கின்றன. நீர்க்கட்டிக்காக இந்த ஊசியை விசாரிக்கும் இருபது வயதுப் பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். மாதவிடாயைப் பற்றி மருத்துவரிடம் அம்மா முன்னால் பேசவே தயங்கும் பெண்கள் அவர்கள்.

இந்தியாவுக்கு டிர்ஸெபடைட் 2025 மார்ச்சில் வந்தது. அப்போது தொடக்க அளவு ஊசி ஒன்று 3,500 ரூபாய், மாதம் நான்கு. உடற்பருமனுக்கான செமாகுளுடைட் ஜூனில் வந்தது. அதன் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிவதால் விலை இறங்கும் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு. இந்த எதிர்பார்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையின் வழியில் வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தருவதை மறுத்தது. நம் நாட்டில் மருந்துகள் மலிவானது அதனால்தான். 2005இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

என் அம்மா பெருங்களத்தூரில் இருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு பெண் தன்னார்வலர் வந்து சர்க்கரை அளந்து மாத்திரை கொடுத்துப் போகிறார். போன மாதம் நான் போயிருந்தபோது அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அம்மாவின் விரலில் குத்தி, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் அம்மா கேட்டார்: “அந்த ஊசி எப்பம்மா உன் பையில வரும்?”

“நமக்கெல்லாம் எங்கம்மா” என்று அவர் சிரித்தார்.

“உனக்குச் சர்க்கரை பார்த்தியா?”

“பார்க்கணும்மா. இந்தத் தெரு முடியட்டும்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.